தோற்ற நாட்டுக்கு எத்தனை கலோரி? 1945-க்குப் பிந்தைய ஜெர்மனி

கேள்வி இது: “இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின் பொதுமக்களை நேச நாடுகள் வேண்டுமென்றே பட்டினி போட்டன, பத்து லட்சம் கைதிகளைச் சாகடித்தன என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நாங்கள் படித்ததோ மார்ஷல் திட்டம், அமெரிக்கா அள்ளிக் கொடுத்தது என்று. எதை நம்புவது?”

இரண்டையும் முழுசாக நம்ப வேண்டாம். ஜெர்மனி சரணடைந்தது 1945 மே 8. ஐரோப்பாவை மீட்டெடுக்க அமெரிக்கா கொடுத்த உதவியான மார்ஷல் திட்டம் நடைமுறைக்கு வந்தது 1948-இல். நடுவில் மூன்று குளிர்காலங்கள் இருக்கின்றன. பாடப்புத்தகங்கள் அந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. காணொளிக்காரர்கள் அந்த ஓட்டைக்குள்தான் புகுந்து விளையாடுகிறார்கள்.

ஜெர்மானியர்களைப் பட்டினி போட்டுக் கொல்லும் திட்டம் இருந்ததா? இல்லை. அவர்களுக்கு வயிறார எதுவும் போய்விடக் கூடாது என்ற முடிவு இருந்ததா? இருந்தது, எழுத்திலேயே இருந்தது.

1945 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டுப் படைத்தலைமை, ஐரோப்பாவிலிருந்த தன் தளபதி ஐசன்ஹோவருக்கு ஓர் ஆணை அனுப்பியது. ஜேசிஎஸ் 1067 என்று பெயர். ஜெர்மனியின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் எந்த வேலையும் செய்யாதே. பக்கத்து நாடுகளைவிட அங்கே வாழ்க்கைத்தரம் உயர விடாதே. ஆனால் நம் படைகளுக்கே ஆபத்தாகும் அளவுக்குப் பட்டினி, பரவும் நோய், கலவரம் இவை வந்துவிடாமல் பார்த்துக்கொள். சாரம் இதுதான். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஒரு மனிதருக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று அது கேட்கவில்லை. எதற்குக் கீழே போனால் நமக்குத் தொல்லை என்று கேட்கிறது. அடுத்த இரண்டு வருடக் கணக்கு முழுவதும் இந்த ஒரு கோட்டை வைத்துத்தான் போடப்பட்டது.

இது சட்டவிரோதமா என்றால், அன்றைய சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. 1907-ஆம் வருட ஹேக் விதிகள் ஆக்கிரமித்த நாட்டில் பொது ஒழுங்கைக் காக்கச் சொல்கின்றனவே தவிர, அங்குள்ளவர்களுக்குச் சாப்பாடு போடுவது உன் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதைச் சொன்னது 1949 ஆகஸ்டில் கையெழுத்தான நான்காவது ஜெனீவா ஒப்பந்தம். அதன் 55-ஆவது பிரிவு, மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது ஆக்கிரமித்தவரின் கடமை என்கிறது. அது முடியாவிட்டால் வெளியிலிருந்து வரும் நிவாரணத்தை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்கிறது 59-ஆவது பிரிவு. கீழே சொல்லப்போகும் பல விஷயங்கள் நடந்தபோது இந்த இரண்டு பிரிவுகளும் இல்லை.

அந்த ஆணையை எழுதியவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? 1945 ஏப்ரலில் அவர்கள் கண்ணெதிரே என்ன இருந்தது என்று பாருங்கள். ஏப்ரல் 15-ஆம் தேதி பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தது. விடுதலைக்குப் பிறகும், மருத்துவர்கள் வந்த பிறகும், அங்கே சுமார் 13,000 பேர் செத்தார்கள். உடம்பு அவ்வளவு தேய்ந்திருந்தது. சோவியத் ஒன்றியத்தின் நகரங்களைப் பட்டினி போடுவதையே ஒரு திட்டமாக வைத்திருந்தது நாஜி அரசு. லெனின்கிராடு முற்றுகையில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் சுமார் 20,000 பேர் பசியில் மடிந்தார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் வார்சாவிலும் இருந்தவருக்கு ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்று தோன்றியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வரிசை ஒன்று உருவானது. ஐ.நா. நிவாரண அமைப்பான அன்ரா 1943 நவம்பரில் 44 நாடுகள் சேர்ந்து தொடங்கியது. ஜெர்மன் மண்ணில் அதன் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள், ஆனால் ஜெர்மானியர்களுக்காக இல்லை. போலந்து, உக்ரைன், பால்டிக் நாடுகளிலிருந்து கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்கள், முகாம்களில் தப்பிப் பிழைத்த யூதர்கள், இவர்களைக் கவனிப்பதுதான் அதன் வேலை. அகதி முகாமின் வேலிக்கு உள்ளே இருப்பவருக்கு ஒரு அளவு, வெளியே இருக்கும் ஜெர்மானியருக்கு அதைவிடக் குறைந்த இன்னொரு அளவு. நியாயமான வரிசைதான் என்பது என் கருத்து. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுப்பதில் யாருக்கும் என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? சிக்கல் வரிசையின் கடைசியில்தான். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கிழவர்கள், ஆறு வயதுப் பிள்ளைகள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11-இல் நின்றது. கடல் முற்றுகை நிற்கவில்லை. ஜெர்மனி சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை அதை ஒரு பிடியாகவே வைத்திருந்தார்கள். 1919 ஜூலையில்தான் முழுவதும் விலக்கினார்கள். அந்த மாதங்களில் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி, எலும்பும் தோலுமான ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கைகளை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தார். தணிக்கை அனுமதி இல்லாமல் அச்சடித்தார் என்று கைது செய்து 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். வழக்கு முடிந்ததும் அரசுத் தரப்பு வழக்கறிஞரே 5 பவுண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ‘குழந்தைகளைக் காப்போம்’ நிதிக்கு வந்த முதல் நன்கொடை என்று அதைத்தான் சொல்வார்கள். 1920-களின் தொடக்கத்தில், போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் ஜெர்மனியில் ஒரு கட்டத்தில் தினம் பத்து லட்சம் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். எதிரியின் பிள்ளைக்குச் சோறு போடுவது துரோகமா என்ற சண்டையை ஐரோப்பா ஏற்கெனவே ஒரு தடவை போட்டு முடித்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். 1945-இல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

சரி, சாப்பாடு எங்கே போனது? ஆணையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டதற்குக் காரணமே ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து வாரிக்கொண்டு வந்த தானியமும் கறியும்தான். தோற்றதும் அந்தக் குழாய் அடைபட்டது. 1945 கோடையில் ஜெயித்த நாடுகள் கூடிய போட்ஸ்டாம் மாநாட்டில் ஓடர்-நைசே ஆறுகளுக்குக் கிழக்கேயுள்ள நிலம் போலந்தின் நிர்வாகத்துக்குப் போனது (கிழக்குப் பிரஷ்யாவின் வடபகுதி சோவியத்துக்கு). ஜெர்மனியின் விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதோடு போயிற்று. நிலம் போனது, ஆட்கள் வந்தார்கள். அந்தப் பகுதிகளிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி போன்ற நாடுகளிலிருந்தும் தப்பி ஓடியும் விரட்டப்பட்டும் வந்தவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். இடமாற்றம் “ஒழுங்காகவும் மனிதாபிமானத்தோடும்” நடக்க வேண்டும் என்று போட்ஸ்டாம் ஒப்பந்தம் சொன்னது. அந்த வார்த்தை காகிதத்தில் ஏறுவதற்கு முன்பே பெர்லின் ரயில் நிலையங்களில் சரக்குப் பெட்டிகளிலிருந்து பிணங்களை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணத்தில் போருக்கு முன் 16 லட்சம் பேர் இருந்தார்கள். சில வருடங்களில் அது 27 லட்சம் ஆனது. ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் ஓர் அறையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம்.

உரத் தொழிற்சாலைகள் ஓடவில்லை, பாலங்கள் உடைந்து கிடந்தன, நாடு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஆளுக்கு ஒன்றென நான்கு மண்டலமாகப் பிரிந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உருளைக்கிழங்கு போவதே பெரும்பாடாக இருந்தது. போதாதற்கு 1946-இல் உலகம் முழுக்கத் தானியப் பஞ்சம். இந்தியாவும் அதே கோதுமைக்காகக் கையேந்தி நின்ற வருடம் அது.

இப்போது எண்கள். பிரிட்டிஷ், அமெரிக்க மண்டலங்களில் சாதாரண மனிதருக்கு ஒரு நாளைக்கு 1,550 கலோரி என்று இலக்கு வைத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் இருப்பவருக்கே 2,000 வேண்டும். 1946 மார்ச்சில் பிரிட்டிஷ் மண்டலம் அதை 1,014 ஆகக் குறைத்தது. மே மாதம் அமெரிக்க மண்டலம் 1,180-க்கு இறங்கியது. 1,000 கலோரி என்றால் என்ன? 300 கிராம் ரொட்டி, நடுத்தரமான இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு சின்னத் துண்டு கொழுப்பு. ஒரு நாள் பூராவும் அவ்வளவுதான். அதுவும் கடையில் சரக்கு இருந்தால். அட்டையில் அச்சடித்திருப்பது வேறு, பையில் விழுவது வேறு.

பெர்லினில் ரேஷன் அட்டைக்கு ஐந்து வகுப்புகள். கனமான வேலை செய்பவருக்கு முதல் வகுப்பு. வேலைக்குப் போகாத இல்லத்தரசி, முதியவர், வேலையில்லாதவர் எல்லாருக்கும் ஐந்தாவது. பெர்லின்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஹிம்மல்ஃபார்ட்ஸ்கார்ட்டே’. தமிழில் சொன்னால் மோட்ச அட்டை. இதை வைத்திருப்பவர் நேராக மேலோகம் போகலாம். இடிபாடுகளில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றும் பெண்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நாட்டைக் கட்டி எழுப்பும் உற்சாகத்தின் சின்னமாக அவை பின்னால் ஆனதெல்லாம் சரி. அந்த வேலைக்கு அவர்களைப் பெரும்பாலும் இழுத்தது, ஐந்திலிருந்து இரண்டாம் வகுப்புக்கு ஏறும் அட்டைதான்.

அட்டை போதாததால் எல்லாரும் சட்டத்தை மீறினார்கள். மார்க் நோட்டுக்கு மதிப்பில்லை. அமெரிக்க சிகரெட்தான் நாணயம். ஒரு சிகரெட் 5 மார்க், 6 மார்க் என்று போனது. நகரத்துக்காரர்கள் ரயில் கூரையிலும் படியிலும் தொற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், கடிகாரம், வெள்ளிக் கரண்டி, கல்யாணத் துணி என்று கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கி வந்தார்கள். கன்னத்தில் தானியத்தை அடக்கும் ஹாம்ஸ்டர் எலியின் பெயரையே அந்தப் பயணத்துக்கு வைத்தார்கள். விவசாயி வீட்டில் இன்னும் மாட்டுத் தொழுவத்துக்குத்தான் பாரசீகக் கம்பளம் போடவில்லை என்று ஒரு கிண்டல் அப்போது ஊரெல்லாம் ஓடியது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது பழமொழி; இங்கே பறந்ததில் பாதி, பாட்டி வைத்துவிட்டுப் போன சாமான்.

1946-47 குளிர்காலம் அந்த நூற்றாண்டின் மிகக் கொடியவற்றில் ஒன்று. ஆறுகளும் கால்வாய்களும் உறைந்தன. மேற்கே ரூர் பகுதிச் சுரங்கங்களில் நிலக்கரி வெட்டினாலும் படகில் ஏற்றி அனுப்ப வழியில்லை. வெட்டியதிலும் ஒரு பகுதி வெளிநாடுகளுக்குப் போனது. கொலோன் நகரத்தில் மக்கள் ஜன்னல் இல்லாத நிலவறைகளில் இருந்தார்கள். அந்த டிசம்பர் 31 மாலை, நகரின் ரீல் பகுதியிலுள்ள புனித எங்கல்பெர்ட் தேவாலயத்தில் கர்தினால் யோசஃப் ஃப்ரிங்ஸ் பிரசங்கம் செய்தார். திருடாதே என்ற கட்டளையைத் தொட்டுப் பேசும்போது, உழைத்தோ கேட்டோ கிடைக்காதபோது உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அடுத்த நாளே அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. சிக்னலுக்காக ரயில் வேகம் குறையும் இடம் எது என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். சரக்குப் பெட்டியில் ஏறிய பையன் பழுப்பு நிலக்கரிக் கட்டிகளைக் காலால் தள்ளிவிட, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அம்மாவும் அக்காவும் சாக்கோடு ஓடிப் பொறுக்குவார்கள். போலீஸ் பாதி நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். இதற்கு ஒரு வினைச்சொல்லே பிறந்தது: ‘ஃப்ரிங்ஸன்’. நிலக்கரி திருடினேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஃப்ரிங்ஸ் பண்ணினேன் என்பார்கள். பாவம், கர்தினால் அதே பிரசங்கத்தில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பல பேர் இந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள், அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடவுளிடம் மன்னிப்பில்லை என்று. அந்த இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள் கடுப்பாகி அவரிடம் விளக்கம் கேட்டார்கள்.

இனி நிவாரணம். போர் முடிந்த முதல் மாதங்களில் ஒரு அமெரிக்கக் குடிமகன் தன் சொந்தக் காசில் ஜெர்மனியிலுள்ள தன் அத்தைக்கு ஒரு டின் பால் அனுப்ப நினைத்தாலும் முடியாது. தபால் சேவை கிடையாது. தனியார் நிவாரணத்துக்கு அனுமதி கிடையாது. காணொளிக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள், இது உண்மைதான். ரேஷன் குறைவானதற்கு ஆயிரம் நடைமுறைக் காரணம் சொல்லலாம். கொடுக்க வந்தவர் கையைத் தட்டிவிட்டதற்குக் கொள்கையைத் தவிர வேறு காரணம் கிடையாது. என்னைக் கேட்டால் இந்தக் காலத்தின் மிக மோசமான முடிவு இதுவே.

தேவாலயங்களும் செனட்டர்களும் நச்சரித்த பிறகு 1946 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் இறங்கிவந்தார். ஜெர்மனியில் இயங்க உரிமம் பெற்ற நிவாரண அமைப்புகளின் கூட்டுக்குழு ஒன்று உருவானது. கிராலாக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஏப்ரலில் அதன் முதல் கப்பல் சரக்கு பிரேமன் துறைமுகத்துக்கு வந்தது. ஆனால் அது மொத்தமாக வரும் உதவி. இன்னாருக்கு என்று பெயர் எழுதி அனுப்ப முடியாது. சுவிஸ், ஸ்வீடன் அமைப்புகள் குழந்தைகளுக்குச் சூப் கூடங்கள் நடத்தின. அயர்லாந்து சில நூறு ஜெர்மன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் வீடுகளில் வைத்து வளர்த்தது.

பெயர் எழுதி அனுப்பும் வழியைத் திறந்தது கேர் பார்சல். 1945 நவம்பரில் 22 அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து கேர் என்ற கூட்டுறவைத் தொடங்கின. அவர்களுக்கு ஒரு யோகம் அடித்தது. ஜப்பான்மீது படையெடுக்கச் சேர்த்துவைத்த ராணுவ உணவுப் பெட்டிகள் லட்சக்கணக்கில் சும்மா கிடந்தன. பத்துச் சிப்பாய்களுக்கு ஒரு நாள் சாப்பாடு ஒரு பெட்டியில். கேர் அதை மொத்தமாக வாங்கியது. 10 டாலர் கட்டினால் நீங்கள் சொன்ன முகவரிக்கு ஒரு பெட்டி போகும். பெற்றவர் கையெழுத்துப் போட்ட ரசீது உங்களுக்குத் திரும்பி வரும். 1946 கோடையில் ஜெர்மனிக்கு வர ஆரம்பித்தன. சோவியத் மண்டலத்துக்கு மட்டும் அனுமதி இல்லை.

பெட்டியைத் திறந்தால் டின் கறி, பிஸ்கட், சர்க்கரை, பால்பவுடர், சாக்லேட், காபி. இதில் காபிக்கு ஒரு தனிக் கணக்கு. குடிப்பதற்கு யாரும் அவசரப்படவில்லை. கள்ளச் சந்தையில் ஒரு பொட்டலம் காபிக்குக் கிடைக்கும் கொழுப்பும் மாவும் ஒரு வீட்டைப் பல நாள் ஓட்டும். அனுப்பியவர் ‘காலையில் ஒரு கப் நல்ல காபி குடிக்கட்டும்’ என்று நினைத்திருப்பார். அது ஒரு ஜோடி செருப்பாக மாறியிருக்கும். நிவாரணம் கொடுப்பவர்கள் இதை அவ்வப்போது முறைகேடு என்று திட்டுவார்கள். எதை எதற்கு மாற்ற வேண்டும் என்பது பசித்தவருக்குத்தான் தெரியும் என்பேன் நான். 1947-லிருந்து கேர் வீட்டுச் சமையலுக்கு ஏற்ற மாதிரி மாவு, கொழுப்பு, முட்டைப் பவுடர் என்று தானே பெட்டி தயாரித்தது. 1960 வரை மேற்கு ஜெர்மனிக்கும் மேற்கு பெர்லினுக்குமாகப் போனவை ஏறக்குறைய ஒரு கோடி பார்சல்.

பிரிட்டனில் இதே சண்டையைப் போட்டவர் விக்டர் கொலான்ஸ், லண்டன் பதிப்பாளர், யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாள் முதல் நாஜிகளை எதிர்த்து நூல்களாகப் போட்டுத் தள்ளியவர். 1945 செப்டம்பரில் அவரே ஜெர்மானியர்களுக்கு உணவு கேட்டு இயக்கம் தொடங்கியபோது பல பேருக்குத் திகைப்பு. அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: என் ரேஷனில் ஒரு பங்கை நானாக விட்டுக்கொடுக்கிறேன், அதை அனுப்ப அனுமதி கொடுங்கள். அரசு நெடுநாள் மறுத்து, 1946 கடைசியில்தான் பார்சலுக்கு இசைந்தது. அந்த இலையுதிர்காலத்தில் அவர் பிரிட்டிஷ் மண்டலத்தில் சில வாரங்கள் சுற்றி, குழந்தைகளின் செருப்புகளைப் படம் எடுத்து வந்தார். அடிப்பாகம் இல்லாத ஷூ, கயிற்றால் கட்டிய ஷூ. பசித்த முகத்தைவிட அது அதிகம் பேசியது.

பிரிட்டிஷ் மக்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. போர் நடந்த ஆறு வருடமும் பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. ஜெயித்த பிறகு, 1946 ஜூலையில், ரேஷன் வந்தது. தங்கள் மண்டலத்து ஜெர்மானியர்களுக்கும் கோதுமை அனுப்ப வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம். ஜெர்மனி நமக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை நாம் ஜெர்மனிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நிதியமைச்சர் ஹியூ டால்டன் நொந்துகொண்டார்.

ஆணை போட்ட அந்தக் கோடு, எதற்குக் கீழே போனால் நமக்குத் தொல்லை என்ற கோடு, எப்போது நகர்ந்தது? இரக்கம் ஓரளவு நகர்த்தியது, பயம் அதைவிட வேகமாக நகர்த்தியது. 1946 மார்ச்சிலேயே அமெரிக்க மண்டலத்தின் துணை ராணுவ ஆளுநர் லூசியஸ் கிளே வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்: 1,500 கலோரியில் கம்யூனிஸ்டாக இருப்பதா, 1,000 கலோரியில் ஜனநாயகவாதியாக இருப்பதா என்று கேட்டால் யாருக்கும் யோசிக்கவே தேவையில்லை. அந்த நாளில் சோவியத் மண்டலத்தின் ரேஷன் அதிகமாக இருந்ததை வைத்துச் சொன்னது. 1947 ஏப்ரலில் ரூர் சுரங்கத் தொழிலாளர்கள் சாப்பாடு கேட்டு லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நோயும் கலவரமும் வராமல் பார்த்துக்கொள் என்ற ஆணையின் இரண்டாம் பாதி இப்போது வாசலில் வந்து நின்றது. அந்த ஜூலையில் ஜேசிஎஸ் 1067-ஐத் தூக்கிவிட்டு வேறு ஆணை போட்டார்கள்.

அதற்கு முன்பே, பிப்ரவரியில், முன்னாள் அதிபர் ஹெர்பர்ட் ஹூவரை ட்ரூமன் அனுப்பியிருந்தார். 72 வயது. முதல் போருக்குப் பிறகும் ஐரோப்பாவுக்குச் சோறு போட்ட ஆள். உறைபனியில் அவர் ஜெர்மனியைச் சுற்றியது ஒருகாலத்தில் நாஜித் தலைவர் கோரிங் பயன்படுத்திய ரயில் பெட்டியில். ஜெர்மனியை வெறும் விவசாய நாடாக ஆக்கிவிடலாம் என்பது மாயை, அதற்கு இரண்டரைக் கோடி பேரைக் கொல்ல வேண்டும் அல்லது வெளியேற்ற வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார். ஏப்ரலில் பள்ளிச் சாப்பாடு தொடங்கியது. பிரிட்டிஷ்-அமெரிக்க மண்டலங்களில் சுமார் 35 லட்சம் பிள்ளைகளுக்கு, ரேஷனுக்கு மேல் தினம் ஒரு வேளை, 350 கலோரி. பட்டாணிக் கஞ்சி, நூடுல்ஸ் சூப், கொக்கோ, சில நாள் ஒரு வெள்ளை பன். பாத்திரம் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும். ராணுவ டின், பால் குவளை, பிடி உடைந்த சட்டி, எது வீட்டில் மிஞ்சியதோ அது புத்தகப் பையில் கணகணவென்று ஆடிக்கொண்டு போகும். ‘ஹூவர் சாப்பாடு’ என்றால் அந்தத் தலைமுறைக்கு உடனே அந்தச் சத்தம் ஞாபகம் வரும் என்று சொல்வார்கள்.

உதவியே எட்டாத இடமும் இருந்தது. கிழக்குப் பிரஷ்யாவில் சோவியத் கைக்குப் போன கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் 1945 ஏப்ரலில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். 1947-48-இல் ரயில்களில் வெளியேற்றப்பட்டபோது மிஞ்சியவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அம்மா செத்த பிள்ளைகள் தனியாக லிதுவேனியாவுக்கு நடந்துபோய் வீடு வீடாக ரொட்டி கேட்டன. சில வீடுகள் பெயரை மாற்றி வளர்த்தன. ஓநாய்க் குழந்தைகள் என்று பின்னால் அவர்களைக் குறிப்பிட்டார்கள். அங்கே கேரும் இல்லை, ஹூவரும் இல்லை, லிதுவேனியக் குடியானவர்கள்தான் நிவாரணம்.

பத்து லட்சம் கைதிகள் கதைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1989-இல் ஒரு கனடியர் கிளப்பிய வாதம் அது. ரைன் ஆற்றங்கரைப் புல்வெளிகளில் முள்வேலி போட்டு, கூரைகூட இல்லாமல், கைதிகள் மண்ணில் குழி தோண்டிப் படுத்தது உண்மை. போர்க் கைதி என்ற தகுதியைத் தராமல் வேறு பெயர் வைத்து ஜெனீவா விதியைச் சுற்றிக்கொண்டு போனதும் உண்மை. ஆனால் பத்து லட்சம் என்ற எண் ராணுவப் பேரேட்டில் ஒரு தலைப்பைத் தப்பாகப் படித்ததால் வந்தது. விடுவிக்கப்பட்டவர்களும் இடம் மாற்றப்பட்டவர்களும் அந்தத் தலைப்பில்தான் இருந்தார்கள். செத்தவர்கள் பற்றிய பெரும்பாலான கணிப்புகள் சில ஆயிரத்துக்கும் சுமார் 10,000-க்கும் இடையில் நிற்கின்றன. அதுவே போதுமான அவமானம். நூறு மடங்கு பெருக்கிக் காட்ட வேண்டிய அவசியம் யாருக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்கு மண்டலங்களில் புதிய மார்க் வந்தது. ஆளுக்கு முதலில் 40 மார்க். திங்கட்கிழமை காலையில் கடை ஜன்னல்களில் சட்டி, ஷூ, வெண்ணெய் எல்லாம் உட்கார்ந்திருந்தன. அதுவரை எங்கே இருந்தன என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாரமே சோவியத் தரப்பு, தன் மண்டலத்துக்கு நடுவில் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், நீர்வழி மூன்றையும் மூடியது. அடுத்த 15 மாதங்களில் 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பயணங்களில் சுமார் 23 லட்சம் டன் சரக்கு வானத்திலிருந்து இறங்கியது, பெரும்பகுதி நிலக்கரி. மூன்று வருடம் முன்பு அத்தைக்கு ஒரு டின் பால் அனுப்ப விடாத அதே அரசின் விமானங்கள்.

பெர்லின்காரர்கள் அந்த முற்றுகையை மறக்கவில்லை. முடிந்த பிறகும் மேற்கு பெர்லின் நிர்வாகம் மாவு, டின் கறி, நிலக்கரி, மருந்து என்று நகரம் முழுக்க ரகசியக் கிடங்குகளில் அடுக்கி வைத்தது. இன்னொரு தடவை வழியை அடைத்தால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு. கெட்டுப்போகுமுன் எடுத்து விற்று, புதிதாக நிரப்பி, நாற்பது வருடம் இப்படியே ஓடியது. சுவர் போய், 1990-இல் நாடு ஒன்றான பிறகு அந்தச் சரக்குக்கு வேலை இல்லாமல் போனது. அந்தக் குளிர்காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் கடைகள் காலியாகக் கிடந்தன. பெர்லின் கிடங்குகளைத் திறந்து, இருந்ததை லாரிகளில் ஏற்றி அங்கே அனுப்பிவிட்டார்கள்.